தொர்ஸ்க் இடது, ஹீசே வலது

சுவிச்சைப் போட்டாயிற்று. இனி ஒன்றரை மணித்தியாலத்துக்கு எனக்கு வேலை இல்லை. இந்த உத்தியோகத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். கைக்கு வேலை இருந்தால் தலை பேசாமல் இருக்கும், கை ஓய்ந்தால் தலை ஊர்சுற்றக் கிளம்பிவிடும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி மூடிக்குள் பார்க்கிறேன். உள்ளே ஒரு தாளின் தடிப்பில் ஜெல், அதன்மேல் வரிசையாக எட்டுச் சொட்டு மீன்சாறு. பச்சைத் தண்ணீர்போல இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இடது ஓரத்தில் தொர்ஸ்க், வலது ஓரத்தில் ஹீசே, நடுவில் பெயரில்லாத ஆறு பேர். ஓரத்து இரண்டும் எங்களுக்குத் தெரிந்த மீன், நடுவில் உள்ளவர்கள் இவர்களில் யாரைப்போல இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போனவர்கள் பிள்ளை தாயின் சாயலா தகப்பனின் சாயலா என்று பார்ப்பதுபோலத்தான், ஆனால் இங்கே பலகாரம் கிடையாது. ஜெல்லின் மேல்கரை காரம், கீழ்க்கரை அமிலம். மின்சாரம் தள்ளத் தள்ள, சாற்றில் உள்ள ஒவ்வொரு புரதமும் ஓடும். ஓடிப்போய், தன் மின்னேற்றம் எந்த இடத்தில் இல்லாமல் போகிறதோ அந்த இடத்தில் நின்றுவிடும், பிறகு எவ்வளவு தள்ளினாலும் அசையாது. ஒவ்வொரு இன மீனுக்கும் அது நிற்கும் இடம் வேறு. இதை முதல்முதல் படித்தபோது, எங்களையும் யாரோ இப்படித்தான் தள்ளி வந்து இந்த வடமுனையில் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து தலையை எடுக்காமல், "அப்ப தெற்கிலை நிண்டவைக்கு மின்சாரம் காணாமல் போச்சோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அவரிடம் விஞ்ஞானம் பேசுவதில்லை.

குளிர்த்தண்ணீர் பம்ப் முனகுகிறது. பழைய பம்ப், அடிக்கடி ஒழுகும், அதனால்தான் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறேன், அதற்கு முதல் பதினொரு வருடம் கீழே துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றேன். இந்த ஊரில் இருக்கும் பன்னிரண்டு தமிழ்க் குடும்பத்திலும் அந்த வாசலால் உள்ளே போகாத ஆள் இல்லை. தொர்ஸ்க் என்பது இந்தக் கடலின் ராசா, கொட் என்று ஊரில் மருந்தெண்ணெய்ப் போத்தலில் படம் போட்டு வருமே அதேதான். ஹீசே அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. முழுமீனாக இருந்தால் சின்னப்பிள்ளையும் சொல்லும், ஹீசேயின் விலாவில் கறுப்புக் கோடு ஓடும், செட்டைக்கு மேலே பெருவிரலால் கரி தொட்டு அமுக்கியதுபோல ஒரு பொட்டு இருக்கும். ஆனால் தோலை உரித்து, முள்ளை எடுத்து, உறையவைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டால் இரண்டும் வெள்ளைத் துண்டு. போன மாதம் எங்கேயோ தெற்கில் ஒரு வியாபாரி, தொர்ஸ்க் என்று வாங்கிய பெட்டியில் ஹீசே கலந்திருக்கிறது என்று கடிதம் போட்டுவிட்டான். அவனுடைய சமையல்காரன் அவித்துப் பார்த்துச் சொன்னானாம். பெட்டிகளை இனம் பார்த்து விட்டது யார் என்று தேடினார்கள். தேடத் தேவையே இல்லை, தரம் பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பு யோகமலர். என் வீட்டுக்காரரின் தங்கை, என் மச்சாள். முடிவு வரும்வரை என்று சொல்லி அவளை மேசையிலிருந்து எடுத்து, மீன்தொட்டி கழுவும் இடத்தில் விட்டிருக்கிறார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள். முடிவு என்பது இதோ இந்தக் கண்ணாடி மூடிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மச்சாள் கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். சண்டைக்காரி, வாய் திறந்தால் துறைமுகத்துக் கடற்காகம் பறந்துவிடும், அப்படிப்பட்டவள் பொங்கலன்று எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, கரண்டியை அலம்பிக்கொண்டே, "ஹீசே எண்டு முடிவு வந்தா நான் ஒஸ்லோவுக்குப் போயிடுவன் சுகி. என்ரை பெடியன்ரை வீட்டிலை ஒரு அறை இருக்கு" என்று சொன்னாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகாதை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "கரண்டியை நான் கழுவுறன், விடு." முப்பது வருடம் ஒருத்தியோடு பழகினால் முக்கியமான இடத்தில் வாயிலிருந்து கரண்டிதான் வருகிறது. இந்த ஊரில் அவள் இல்லாத ஒரு குளிர்காலத்தை நான் பார்த்ததில்லை. முதல் வருடம், நவம்பரில் சூரியன் போய் மறைந்தபோது, இனி இரண்டு மாதம் வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உண்மையாகவே யன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கும் அது இரண்டாவது வருடந்தான். வந்து, பின்னால் நின்று பார்த்துவிட்டு, "லைற்றைப் போடடி, கறன்ற் பில்லை என்ர அண்ணன் கட்டுவான்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அவள் போனால் அந்த லைற்றைப் போடச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் நகரசபையின் பனி தள்ளும் வண்டியில் விடிய நாலு மணிக்குப் போய்விடுவார். வந்தால் தூக்கம்.

சரி, பம்ப்பைப் பார். ஒழுகவில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. எட்டுக்கும் அப்பால் நிறக் கலவை வைத்த பொட்டு மட்டும் மெல்லப் பிரிகிறது, மேலே சிவப்பு, கீழே நீலம். அது ஓட்டம் சரியாகப் போகிறதா என்று காட்டுவதற்கு. மற்ற எட்டுப் பேரும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறார்கள். இங்கேதான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும். பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்குள் ஒரு போட்டி உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில், பாட்டும் ஆட்டமும் முடிந்தபிறகு, ஒரு தட்டில் ஐந்து துண்டு மீன் வைப்பார்கள். தொர்ஸ்க், ஹீசே, இன்னும் இந்தக் கடலில் உள்ள இரண்டு மூன்று இனம், எல்லாம் தோலுரித்து. கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு, தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறெந்த ஊர்த் தமிழரும் பொங்கலுக்கு இப்படி ஒரு விளையாட்டு விளையாடியிருக்க மாட்டார்கள். மச்சாள் ஐந்துக்கு ஐந்து. நான் நாலு. ஒவ்வொரு வருடமும் நாலு. எனக்கு எப்போதும் ஹீசேதான் கால்வாரிவிடும். "தொர்ஸ்க் விரலை விட்டு விலகும் சுகி, ஹீசே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இதிலை என்ன இருக்கு?" என்று அவள் சனத்துக்கு முன்னால் கேட்பாள். என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, வெள்ளைக் கோட்டு இருக்கிறது, ஒன்றரை லட்சம் குரோனர் விலையுள்ள மெசின் இருக்கிறது, ஆனால் துவாயைக் கட்டினால் நாலுதான். இந்தப் பொங்கலுக்கு அவள் கையை நீட்டவில்லை. தட்டு அப்படியே இருந்தது, பிறகு யாரோ அதைப் பொரித்தார்கள். அன்றைக்கு எனக்குக் கவலையாக இருந்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். கவலைதான். ஆனால் கவலைக்குக் கீழே, அடியில், ஒரு சின்ன மூலையில், அவள் கை ஒருதரமாவது பிழை விட்டிருக்கட்டுமே என்று ஒன்று இருந்தது. ஒருதரம். மற்றபடி அவள் நன்றாக இருக்கட்டும், மேசைக்குத் திரும்பட்டும், ஒஸ்லோவுக்குப் போகாமல் இருக்கட்டும், ஆனால் பிழை விட்டிருக்கட்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று தெரிந்தும் மனது இரண்டையும் கேட்கிறது.

நடுவில் உள்ள ஆறு துண்டுக்கும் பெயர் இல்லை, நம்பர் மட்டுந்தான். யாருடையது, எந்தப் பெட்டி என்று சோதிக்கிறவளுக்குத் தெரியக்கூடாது. தெரியாதுதான். ஆனால் காலையில் பையைத் திறந்து நான்காம் நம்பரைக் கையில் எடுத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வால் பக்கத்தில், கத்தியை வெளியே எடுக்கும்போது, மணிக்கட்டை ஒரு சுண்டுச் சுண்டி எடுத்த அடையாளம், குருவி வால்போலச் சின்னதாகப் பிளந்த வெட்டு. இந்த வட்டாரத்தில் அப்படி வெட்டுகிற ஆள் ஒருத்திதான். ஆள் குறைந்த நாட்களில் மேசைப் பொறுப்பை விட்டு அவளே கத்தியை எடுப்பாள். பத்து வருடம் அவளுக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவள் நான், அவளுடைய கையெழுத்தைவிட அவளுடைய கத்தியெழுத்து எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே ரன்வைக்கிடம் போய், எனக்கு இந்த ஆளைத் தெரியும், இதை வேறு ஒருவர் செய்யட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். ரன்வைக் இந்த ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கோபப்படத் தெரியாதவள். சொல்லியிருந்தால் துண்டுகள் நாலு மணித்தியாலத் தூரத்தில் உள்ள இன்னொரு ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து முடிவு வர மூன்று கிழமை, மூன்று கிழமையும் மச்சாள் தொட்டி கழுவியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. நல்ல காரணம். எனக்கு முடிவை நானே முதலில் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதைக் காரணப் பட்டியலில் கடைசியாக வைத்திருக்கிறேன்.

கதவு திறக்கிறது, ரன்வைக்தான். தலையில் தொப்பி, கையில் ஒரு கடதாசிப் பை. "சுகிர்தா, பன்னிரண்டுக்கு வெளியே வருகிறாய்தானே? இன்றைக்கு வானம் சுத்தம். வரப்போகிறது!" என்கிறாள். சூரியனைச் சொல்கிறாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மலைக்கு மேலால் தலைகாட்டும் நாள். நாலு நாள் அடித்த புயல் நேற்று இரவுதான் ஓய்ந்தது. "பம்ப்," என்று விரலைக் காட்டுகிறேன். "ஐயோ, பாவம் நீ. அப்படியென்றால் இதையாவது சாப்பிடு" என்று பையிலிருந்து ஒரு சூரியப் பணிஸை எடுத்து மேசையின் தூரக்கோடியில் வைக்கிறாள். உள்ளே ஜாம் வைத்த, மேலே சீனி தூவிய பணிஸ். இந்த ஊரில் இந்த நாளில் பள்ளிக்கூடம், வங்கி, தபாற்கந்தோர் எல்லா இடமும் இதைத்தான் தின்பார்கள். "எப்படிப் போகிறது?" என்று ஜெல்லைப் பார்த்துக் கேட்கிறாள். "ஓடுகிறது." "ஒப்பிட வைத்த தொர்ஸ்க் துண்டு நல்லதுதானே? நிச்சயந்தானே?" "நிச்சயம்" என்கிறேன். காலையிலும் இதையே கேட்டாள், காலையிலும் இதையே சொன்னேன். ஆய்வுகூடத்துப் பிறீசரில் ஒப்பிடுவதற்கென்று வைத்திருந்த தொர்ஸ்க் மாதிரித் துண்டு முடிந்துபோய்விட்டது, புது மாதிரி புயலால் வழியில் நிற்கிறது, நாலு நாளாகப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. ஹீசே மட்டும் இருந்தது. நேற்று நான்தான், என் வீட்டில் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். மூலம் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். பதினொரு வருடம் தொர்ஸ்க் வெட்டிய கை இது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். இப்போதும் சிரித்துக்கொண்டே போகிறாள். கதவு சாத்துகிறது.

வீட்டில் இருந்தது ஐஸ்கிறீம் பெட்டிக்குள். எங்கள் வீட்டு பிறீசரில் பதினாறு ஐஸ்கிறீம் பெட்டி இருக்கிறது, ஒன்றிலும் ஐஸ்கிறீம் இல்லை. ஒன்றில் முருங்கையிலை, ஒன்றில் திருவிய தேங்காய், ஒன்றில் மிச்சக் கறி, மற்றதெல்லாம் மீன். வீட்டுக்காரர் ஒவ்வொரு கோடையிலும் வனிலா என்று நம்பித் திறந்து, ஒவ்வொரு கோடையிலும் ஏமாந்து, "இந்த வீட்டிலை எழுதினதை நம்பி ஒருத்தன் வாழேலாது" என்று பெருமூச்சு விடுவார். பாதிப் பெட்டி மச்சாளுடையது. அவள் மீன் போட்டுத் தந்துவிட்டால், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை விடமாட்டாள். நாற்பது குரோனர் ஐஸ்கிறீமின் வெறும் பெட்டிக்கு அப்படியொரு ஞாபகம். மூடியில் கறுப்பு மையால் பெரிதாகத் தமிழில் எழுதியிருப்பாள். நேற்று இரவு நான் எடுத்ததிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, 'தொர்ஸ்க். சுகிக்கு.' தொ எழுத்தின் கொம்பு அவளுக்கு எப்போதும் கொஞ்சம் கோணும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, ஏனென்றால் அவள் தொர்ஸ்க் என்று எழுதினால் அது தொர்ஸ்க்தான். இன்றைக்கு அவளுடைய மீனைக் கொண்டே அவளுடைய மீனை அளக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. காலையில் துண்டை வெட்டி, தண்ணீரில் அரைத்து, சுழல் மெசினில் வைத்துச் சுற்றி, தெளிந்த சாற்றை எடுத்தேன். கையுறை போடுவதற்கு முதல் பழக்கத்தில் ஒருதரம் தொட்டும் பார்த்தேன். தொர்ஸ்க்.

எங்கிருந்தோ ஒரு சத்தம், ஆட்கள் ஒன்றாக ஓவென்று கத்துகிறார்கள். பயந்துபோய் மூடியைப் பார்க்கிறேன், பம்ப்பைப் பார்க்கிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகுதான் விளங்குகிறது, வந்துவிட்டது. வாகனத் தரிப்பிடத்தில் கை தட்டுகிறார்கள். இந்த அறைக்கு யன்னல் வடக்குப் பக்கம். ஆனால் எதிரே இருக்கும் எண்ணெய்த் தாங்கியின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய மஞ்சள், மரக்கறிக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் மிதக்குமே அந்த மஞ்சள், பட்டுக்கொண்டு நிற்கிறது. சந்தோசமாக இருக்கிறது. ஒரு காரணமும் இல்லாமல் இருக்கிறது. மச்சாள் பார்த்திருப்பாளா? கழுவும் இடத்துக்குக் கடல் பக்கம் ஒரு கதவு உண்டு, ஆனால் அதைத் திறந்தால் குளிர் வருகிறது என்று கத்துவார்கள். பார்த்திருப்பாள். யார் கத்தினாலும் திறந்திருப்பாள். இதோ போன் நடுங்குகிறது, அவள்தான். 'சூரியனைப் பாத்தியா சுகி? நான் பாத்தன். எட்டுச் செக்கன். அதுக்குள்ளை கதவை மூடச் சொல்லிப்போட்டாங்கள்.' என்ன எழுதுவது? உன்னுடைய ஆயுளை ஒரு ஜெல்லில் ஊற்றிவிட்டுக் காவல் இருக்கிறேன் என்றா? போனைக் கவிழ்த்து வைக்கிறேன். இது ஹீசேயாக இருந்தால் நான் எப்படி அவளுடைய முகத்தைப் பார்ப்பேன்? ஹீசே என்று தாளில் கையெழுத்துப் போடும் கை இந்தக் கை. போடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பொய் எழுதினால் இந்த மெசினை எடுத்துக் கடலில் போட்டுவிடலாம். கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவளுடைய பெட்டி கட்டுவதற்கு உதவி செய்யப் போக வேண்டும். தன்னுடைய எட்டு ஐஸ்கிறீம் பெட்டியையும் அன்றைக்குத் திருப்பிக் கேட்பாள்.

மணி அடிக்கிறது. சுவிச்சை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஜெல்லை எடுத்து, முதலில் அமிலத்தில், பிறகு நீலச் சாயத்தில். தட்டை மெதுவாக ஆட்டுகிறேன், அழுகிற பிள்ளையை ஆட்டுவதுபோல. கைக்கு வேலை கிடைத்ததால் தலை சற்று அமைதியாகிறது. எல்லாம் நீலம், ஒன்றும் தெரியவில்லை. சாயத்தை ஊற்றிவிட்டுக் கழுவுகிறேன், இன்னொருதரம் கழுவுகிறேன், மூன்றாம் தரம் தண்ணீர் தெளிய, கீழ்ப்பாதியில் கோடுகள் மெல்ல எழும்பி வருகின்றன. நேரே நான்காம் நம்பரைப் பார்க்காதே சுகிர்தா, முறைப்படி இடதிலிருந்து பார். இடது, தொர்ஸ்க், கீழே இரண்டு கோடு, நெருக்கமாக. எந்த மீனுக்கு எத்தனை கோடு என்று நான் மனப்பாடம் செய்வதில்லை, ஓரத்தை நம்பித்தான் மற்றதைப் பார்ப்பது. சரி. ஒன்றாம் நம்பர், மூன்று கோடு, அதைவிட மேலே. இரண்டாம் நம்பரும் மூன்று கோடு. மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர், ஆறுவரை எல்லாம் மூன்று கோடு, எல்லாம் மேலே. ஒன்றுகூட இடதுபக்கத்துத் தொர்ஸ்க்கோடு பொருந்தவில்லை. பிழை. அவளுடைய கை பிழை விட்டிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் எனக்குள் என்ன எழும்பியது என்று இந்த அறையில் யாரும் பார்க்கவில்லை, ஆனால் நான் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து இனி இல்லை என்ற சந்தோசம். சின்னதுதான், நிலக்கடலை அளவுதான், ஆனால் சந்தோசம். அடுத்த கணம் தட்டை மேசையில் வைத்தேன். கதிரையில் இருந்துவிட்டேன். சீ என்று வாய்விட்டே சொன்னேன். ஒஸ்லோவில் ஒரு அறை, பெடியனின் வீடு, அவள் கட்டிலில் இருந்து யன்னலைப் பார்க்கிறாள். இதற்காகவா நான் ஒரு மூலையை வளர்த்தேன்.

அழுதபடியே தட்டை எடுத்து வெளிச்சப் பலகையில் வைத்தேன், படம் எடுக்க வேண்டும், முறை என்றால் முறை. வலது ஓரத்தை இன்னும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுத வேண்டுமே, 'ஆறும் ஹீசேயோடு பொருந்துகின்றன' என்று, அதற்காகத்தான் பார்த்தேன். வலது, ஹீசே. கீழே இரண்டு கோடு, நெருக்கமாக. நான் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு கோடு. ஆறு பேரும் ஹீசேயோடும் பொருந்தவில்லை. இடது ஓரத்தைப் பார்த்தேன், வலது ஓரத்தைப் பார்த்தேன், அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் அச்சுக்குத்தியதுபோல ஒன்று. தொர்ஸ்க்கும் ஹீசேயும் ஒரே மீனாக இருக்க முடியாது. ஒரே சாற்றை இரண்டுதரம் ஊற்றினேனா? இல்லை, ஒன்று பச்சை மூடிக் குழாய், மற்றது வெள்ளை மூடி. மேசை லாச்சியைத் திறந்து போன வருடத்துப் படத்தை எடுத்தேன், எங்கள் பழைய மாதிரிகளை வைத்து ரன்வைக்கே ஓட்டிய படம். தொர்ஸ்க், மூன்று கோடு, மேலே. ஹீசே, இரண்டு கோடு, கீழே. படத்தில் உள்ள தொர்ஸ்க்கும் இந்த ஆறு பேரும் கூடப்பிறந்ததுகள். ஆறும் தொர்ஸ்க். நான்காம் நம்பரும் தொர்ஸ்க். அப்படியென்றால் இடது ஓரத்தில் நான் கொண்டுவந்து இருத்தியது யார்? மூடியில் எழுதியிருந்ததே, கொம்பு கோணிய தொ, மச்சாளின் கை. மச்சாள் அந்தப் பெட்டியைத் தந்தது எப்போது? போன வைகாசியில். அதிலிருந்த தொர்ஸ்க்கை நாங்கள் சொதி வைத்துத் தின்றது ஆனியில். மார்கழியில் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் ஹீசே கொண்டுவந்து தந்தார், நான் இருந்து உரித்து, முள் எடுத்து, கைக்கு அகப்பட்ட பெட்டியில் போட்டேன். மூடியைக் கழுவினேன். எழுத்தை அழிக்கவில்லை. யார் அழிக்கிறார்கள்? பதினாறு பெட்டியில் ஒன்றில்கூட உள்ளே உள்ளது வெளியே எழுதியிருக்காது, அது எங்கள் வீட்டு வழக்கம், அதை இந்த ஊரில் உள்ள எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். வனிலா தேடிய மனுசன் எத்தனைதரம் சொன்னது. அதையும் கையில் எடுத்து, விரலால் தொட்டு, தொர்ஸ்க் என்று நிச்சயம் சொன்னவள் நான். ஹீசேதான் என்னை எப்போதும் கால்வாரும். வெள்ளைக் கோட்டோடு, சான்றிதழோடு, கண்ணைக் கட்டாமலே. அந்த நிலக்கடலைச் சந்தோசம் எங்கே போனது என்று தேடினேன், காணவில்லை. அதன் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருத்தி இருந்தாள்.

ரன்வைக் உள்ளே வந்தபோது நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கண் மட்டும் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்கிறீம் பெட்டியை விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது. "பெயரை அழிக்காமலா?" "அழிப்பதில்லை." "ஒருவருமா?" "ஒருவரும்." நான்காம் நம்பரின் வெட்டைக் காலையிலேயே அடையாளம் கண்டதையும், சொல்லாமல் மறைத்ததையும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. நான்காம் நம்பர்ப் பையை எடுத்து அந்த வெட்டைப் பார்த்தாள். "அதைக் காலையில் சொல்லியிருக்க வேண்டும், சுகிர்தா" என்றாள். "ஓம்" என்றேன், தமிழில் வந்துவிட்டது. படகுகள் இன்றைக்குக் கடலுக்குப் போயிருக்கின்றன, மாலையில் தலையோடும் தோலோடும் ஒரு முழுத் தொர்ஸ்க் வாங்கி வருவாள், நாளைக்கு அவளே சாறெடுத்து, அவளே ஓட்டி, அவளே கையெழுத்துப் போடுவாள், என் பிழையையும் தாளில் எழுதுவாள், அதுவரை யாரிடமும் ஒரு சொல் கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போகும்போது கதவில் நின்று, "அந்தப் பழைய படத்தோடு பார்த்தால், எனக்கு நாளைக்குப் பெரிய கவலை இல்லை" என்றாள். பிறகு, "பணிஸைச் சாப்பிடவில்லையா?" என்றாள். அதைக் கடதாசிப் பைக்குள் போட்டுச் சுற்றினேன். மாலையில் வழியில் மச்சாள் வீட்டில் கொடுக்க வேண்டியிருக்கிறது, பணிஸைக் கொடுத்தால் முடிவைச் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

போனை நிமிர்த்தினேன். எட்டுச் செக்கன் அங்கேயே நின்றது. ஒன்றை எழுதினேன், அழித்தேன். இன்னொன்றை எழுதினேன், அதில் ஜெல் வந்துவிட்டது, அழித்தேன். முடிவைச் சொல்லக்கூடாது, ஆனால் பொங்கலைப் பற்றி ரன்வைக் ஒன்றும் சொல்லவில்லையே. 'நான் பாக்கேல்லை மச்சாள், எண்ணெய்த் தாங்கியிலை பட்டதைத்தான் பாத்தன். ஒண்டு சொல்லவேணும். இந்த வருசப் போட்டி நடக்கேல்லைத்தானே. நடந்திருந்தா நான்தான் தோத்திருப்பன். எழுதி வைச்சுக்கொள்.' அனுப்பிவிட்டேன். மூன்று புள்ளி வந்து வந்து போனது. கழுவும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் எழுதுகிறாள், எனக்குத் தெரியும். எதிரே தாங்கியில் மஞ்சள் போய்விட்டது, ஆனால் நாளைக்கு இன்னும் சற்று நேரம் நிற்கும், நாளை மறுநாள் அதைவிட. பதில் வந்தது.

'அதுக்கு ஏன் போட்டி? அதை விடு. வைகாசியிலை தந்த ஐஸ்கிறீம் பெட்டியை எப்ப திருப்பித் தருவாய்?'